யாருடைய பயான்?

‘கேசட் வாங்கினோம்’ என்று மதரஸா மாணவர்களிடம் சொன்னால், ‘பயானைக் காசு கொடுத்தா வாங்கினீர்கள், ஹஸ்ரத்?’ என்று வியக்கிறார்கள். நாற்பதைக் கடந்துவிட்டோம் என்பதை நரையைவிட இக்கேள்வியே நன்றாக உணர்த்துகிறது.

ஆம், வாங்கினோம். சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்தேறிச் சென்று, தேடி வாங்கினோம். நாகூர் இ.எம். ஹனிபாவின் பாடல்கள், எகிப்தின் காரீ அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத், ஆலிம்களின் பயான்கள். (இசை பற்றிய மார்க்கச் சட்டம் தனிப் பேச்சு, இங்கே அதற்குள் நுழையவில்லை.) 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டி, வளைகுடா சென்று திரும்பியோரின் டேப் ரெக்கார்டரோடு நம் இல்லங்கள் பலவற்றுக்குள் வந்தது. நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றினோம். அந்தச் சிரமத்துக்காக நாம் ஏங்கவில்லை. பயானுக்காக வெளியே செல்ல இயலாத தாய்மார்களுக்கு இன்றைய அலைபேசி பெரும் நிஃமத். அதை மறுப்பது நன்றிகேடு.

ஆயினும், வாங்குவதற்குள் ஒரு கேள்வி இருந்தது: ‘யாருடைய பயான்?’ காசு கொடுப்பவர் அதைக் கேட்காமல் வாங்க மாட்டார். அட்டையில் ஆலிமின் பெயரும் தலைப்பும் இருக்கும். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். முதல் பக்கத்தில் எழுப்பிய ஐயத்துக்கு மறுபக்கத்தில் விடை வரும்வரை அமர்ந்து கேட்டோம்.

இன்று குடும்பக் குழுக்களில் வந்து விழும் துண்டுகளுக்குப் பெயருமில்லை, தொடக்கமுமில்லை. இதில் இளையோரைக் குறை கூறுவது நியாயமன்று. ஓயாமல் பகிர்வோர் நம் வயதினரே. தாபியீன்களில் ஒருவரான இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் கூற்றுகளை இமாம் முஸ்லிம் தமது ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். தொடக்கத்தில் அறிவிப்பாளர் யாரென்று மக்கள் கேட்கவில்லை. ஃபித்னா தோன்றிய பின்னரே கேட்கலாயினர் என்பது அவற்றுள் ஒன்றின் கருத்து. நாமோ ஃபித்னா பெருகிய காலத்தில் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

நாம் அறிந்த குடும்பமொன்றில், சீர் கொடுத்து மணமுடித்த மகளுக்குச் சொத்தில் பங்கில்லை என்று ஓர் ஆலிம் கூறுவதாக நாற்பது வினாடித் துண்டொன்று அண்மையில் சுற்றியது. அண்ணன்மார் அதைத் தங்கைக்கே அனுப்பினர். மாணவர்கள் தேடி முழு உரையைக் கண்டெடுத்தனர். மக்களிடையே உலவும் தவறான எண்ணமென்று சுட்டிக்காட்டவே அவர் அதைக் கூறுகிறார். உடனே அன்னிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தை ஓதி மறுக்கிறார். முழு உரையை அண்ணன்மாருக்கு அனுப்பிவைத்தோம். குடும்பக் குழுவில் அதை இதுவரை எவரும் பகிரவில்லை.