தாய் இருக்கும் பிள்ளைக்கு எதற்குக் காப்பகம்?



பிறந்தநாள், திருமண நாள், தலைவர்களின் பிறந்தநாள் என்றால் அருகிலுள்ள காப்பகத்துக்குப் போய்ச் சோறு போடுவதும், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பதும், அந்தப் படம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வருவதும் வழக்கமாகிவிட்டன. கொடுப்பவர்களின் இரக்கம் உண்மையானது. ஆனால் அந்தப் பணம் பிள்ளையை விட்டுவிட்டுக் கட்டடத்தைத் தேடிப் போகிறது. அதனால் வீட்டில் வளர வேண்டிய பிள்ளைகளும் காப்பகத்திலேயே நிற்கிறார்கள். இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

காப்பகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அனாதைகள் என்று நினைக்கிறோம். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 2018 அறிக்கை வேறு கணக்குச் சொல்கிறது. நாடெங்கும் உள்ள இல்லங்களில் பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகள் சுமார் 3.70 லட்சம் பேர். அவர்களில் அனாதைகள் என்று பதிவானவர்கள் 42 ஆயிரத்துக்கும் குறைவு. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உள்ளவர்கள் சுமார் 1.20 லட்சம். கணவரை இழந்து கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்றுதான் கொண்டுபோய் விடுகிறாள். அவளைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பது வறுமை. காப்பகத்துக்கோ தலைக்கணக்கை வைத்தே நன்கொடை வருகிறது. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் இல்லத்துக்கு வரவு குறையும் என்றால், அனுப்ப யார் முன்வருவார்கள்?

காப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே கூறுகிறது. அதற்கு ஆய்வின் துணையும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் காப்பகத்தில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். வழியும் நமக்கு முன்னால் இருக்கிறது. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் குடும்பத்துக்கே கிடைக்கும். தமிழக அரசு 2025-இல் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் உண்டு.

குடித்துவிட்டு அடிக்கும் வீட்டுக்கா அனுப்பச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். இல்லை. அத்தகைய பிள்ளைகளுக்கும் யாருமே இல்லாதவர்களுக்கும் காப்பகம் கட்டாயம் வேண்டும். 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம் போன்றவை போக்கிடம் இல்லாதவர்களுக்காகவே பிறந்தவை. எந்தப் பிள்ளை எங்கே வளரலாம் என்பதைக் குழந்தைகள் நலக் குழு ஒவ்வொன்றாக விசாரித்து முடிவு செய்யட்டும். 2020-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளைக் கெடுவைத்து மொத்தமாக வீட்டுக்கு அனுப்பச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. முதலில் உதவித்தொகை வீடு போய்ச் சேர வேண்டும்; பிள்ளை அதன்பிறகே போக வேண்டும்.

உறவினர் கையில் பணம் கொடுத்தால் வீணாகும் என்பது அடுத்த ஆட்சேபம். காப்பகத்தின் கையில் கொடுத்தால் மட்டும் வீணாகாது என்பதற்கு என்ன உறுதி? மாமல்லபுரத்துக் காப்பகங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றி 2007-இல் எழுதப்பட்ட ஒரு கடிதம்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும் என்ற 2017 தீர்ப்புவரை போனது. அதன் பிறகும், 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே ஒரு காப்பகத்தில் உணவு ஒவ்வாமல் மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். கண்காணிப்பு இரு இடத்திலும் தேவை. வீட்டில் வளரும் பிள்ளையை அக்கம்பக்கமும் பள்ளியும் தினமும் பார்க்கின்றன. காப்பகத்தின் மதில் அந்தப் பார்வையை மறைத்துவிடுகிறது.

எனவே, காப்பகங்களில் தாயோ தந்தையோ உள்ளவர்கள் எத்தனை பேர், வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தொண்டு நிறுவனங்கள் நன்கொடையில் ஒரு பங்கைப் பகல்நேரப் பராமரிப்புக்கும் மாலை வகுப்புக்கும் செலவிட்டால், கூலிக்குப் போகும் தாய் பிள்ளையை இரவில் தன்னுடனே வைத்துக்கொள்ள முடியும். தங்கள் நாளிதழும் சோற்றுத் தட்டுடன் பிள்ளைகளின் முகத்தைப் போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். அந்த இடத்தில், உதவித்தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிப்பது எப்படி என்று அச்சிடுங்கள். பிள்ளையைக் காப்பகத்தில் விடக் கிளம்பும் ஒரு தாய்க்கு அந்தச் செய்திதான் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.