கரும்பு வெட்டலாமா? ஒளி சொல்லும் பதில்

கேள்வி: 10 மாதக் கரும்பு. பிரிக்ஸ் மீட்டரில் பார்த்தால் ஒரே கரும்பில் அடியில் 21, நடுவில் 19, நுனியில் 14 காட்டுகிறது. கருவி பழுதா? ஆலை ஆடி வெல்லம் காய்ச்ச இப்போதே வெட்டலாமா?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கருவியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. கரும்புதான் இன்னும் முற்றவில்லை.

தொட்டித் தண்ணீரில் சாய்வாக விட்ட கம்பு நீர்மட்டத்தில் ஒடிந்ததுபோல் தெரியும். காற்றைவிட நீரில் ஒளியின் வேகம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாய்வாகப் போகும்போது ஒளி திசை மாறுகிறது. நீரில் சர்க்கரை கரையக் கரைய இந்த வளைவும் கூடும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.333. நூற்றுக்கு 20 பங்கு சர்க்கரை உள்ள கரைசலுக்கு 1.364. இந்தச் சிறு வித்தியாசத்தைத்தான் கருவி நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடாகக் காட்டுகிறது.

கரும்பில் சர்க்கரை அடியிலிருந்துதான் சேர ஆரம்பிக்கும். நுனி கடைசியில் முற்றும். எனவே ஒரு இடத்து அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிரிக்ஸ் 18 முதல் 20 வரை இருந்து, நுனி அளவும் அடி அளவும் ஏறக்குறைய சமமானால் வெட்டலாம். நுனி அளவு அடியை மிஞ்சினால் பருவம் கடந்துவிட்டது. அடிக்கரும்பில் சர்க்கரை குறையத் தொடங்கியிருக்கும். 21-க்கு 14 என்பது மூன்றில் இரண்டு பங்குதான். இப்போது வெட்டினால் வெல்லம் சரியாக இறுகாது, எடையும் குறையும். 15 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• முதலில் சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். வெயிலில் சாறு சூடானால் அளவு குறைவாகக் காட்டும். கருவி, தண்ணீர், சாறு மூன்றும் ஒரே நிழலில் இருக்கட்டும்.
• ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழுவி, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பழைய சாறு அளவைக் கூட்டும், ஈரம் குறைக்கும்.
• மூடும்போது காற்றுக்குமிழி சிக்கக் கூடாது.
• நுனிச் சாற்றைக் கொழுந்தாடையில் எடுக்காமல், அதற்குக் கீழே உள்ள முற்றிய இடைக்கணுவில் எடுங்கள்.
• வரப்போரக் கரும்பை விட்டு, வயலின் உள்ளே பல இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். பாசனம் செய்த மறுநாள் அளக்க வேண்டாம்.

கருவி காட்டுவது சாற்றில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான். முழுக்கச் சர்க்கரை அல்ல. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆடிவிடுங்கள். காயப்போட்டால் பிரிக்ஸ் ஏறும், வெல்லம் ஏறாது.

இன்னொன்று: இதே ஒளி வளைவால், மேலிருந்து பார்த்தால் 8 அடித் தண்ணீர் 6 அடியாகத் தெரியும். பண்ணைக்குட்டை உள்ளவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். சுற்றிலும் வேலியும் போடுங்கள்.