பிரம்புக்குப் புலப்படாத நோய்

வகுப்பிலே அயற்பிள்ளையை அடிப்பவனும் வாய் திறவாது மூலையில் ஒடுங்கியிருப்பவளும் ஒரே துயரின் இரு முகங்களாக இருத்தல் கூடும். முன்னவனுக்குக் ‘குழப்படிகாரன்’ என்னும் பட்டமும் பிரம்படியும்! பின்னவளையோ ‘அடக்கமான பிள்ளை’ என மெச்சி மறந்துவிடுகிறோம்.

2008இல் வெளியான ஆய்வொன்று வடகிழக்கின் 296 தமிழ் மாணவரை நேரிற் கண்டு விசாரித்தது. போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் மட்டுமன்று, வீட்டினுள் நிகழும் வன்முறையும் அவர்தம் உள்ளத்தைச் சிதைத்தமை அதிற் புலனாயிற்று. தகப்பனின் குடி அவ்வன்முறையோடு பிணைந்திருந்தது. அன்றைய மாணவர் பலர் இன்று பெற்றோர். ஆறாத புண் அடுத்த தலைமுறையையும் தொடாது என்று எவர் உறுதி கூறுவார்?

பள்ளிகளில் உடற்றண்டனை ஆகாதெனக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் விடுத்தது. பிரம்போ இன்னும் ஓய்வு பெற்றபாடில்லை. தடை விதித்தாற் போதுமா? அடிக்குப் பதிலாக ஆசிரியர் கையில் அரசு கொடுத்தது என்ன?

பசு ஒருவேளை வைக்கோலை முகராவிடினும் வைத்தியரைத் தேடியோடும் எம் கமக்காரர், பிள்ளை மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்பினும் நூல் கட்டிவிட்டுக் காத்திருக்கின்றனர். படித்தோர் வீடுகளிலோ புள்ளி குறைந்தாலன்றி எவரும் விழிப்பதில்லை.

தமிழ்ப் பாடசாலை ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற உளவளத்துணை ஆசிரியர் ஒருவர் வேண்டும். பிள்ளையின் மொழியிலேயே அவர் பேசவேண்டும். கணிதமும் விளையாட்டும் அவர் தலையிற் சுமத்தப்படாது, அப்பணி ஒன்றே அவருக்குரியதாதல் வேண்டும்.