மூலம் எவர் கையில்?

தமிழில் 'ஆடல்' என்னும் சொல் விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. நீராடல், சொல்லாடல், உரையாடல் என வேறு பல வினைகளுக்குள்ளும் அது புகுந்து கிடக்கிறது. இருவர் கூடிப் பேசுவதையும் ஒருவகை ஆட்டமாகவே நம் முன்னோர் கண்டனர் போலும். கணினி விளையாட்டைப் பற்றி இளைஞர் கூடிப் பேசக் கேட்குந்தோறும் இச்சொல்லின் நயம் நமக்கு விளங்குகிறது.

அவருள்ளும் லினக்ஸ் இயங்குதளத்தில் விளையாடுவோர் பேச்சு தனித்தன்மை உடையது. மற்றவர், ஆட்டத்தில் எத்தனை கட்டம் கடந்தோம் என்று பேசுவர். லினக்ஸ் அன்பர் முதலில் கேட்பது 'ஓடுகிறதா?' என்பதே. எந்த வரைகலை அட்டையில் ஓடிற்று, எந்தப் பதிப்பில் நின்றுவிட்டது, எந்த அமைப்பை மாற்றியபின் ஒலி வந்தது என ஒருவர் கண்டறிந்ததை மற்றவர்க்குக் கைம்மாறு கருதாது உரைக்கின்றனர். ஆயினும் 'ஓடுகிறது' என்ற விடை கிடைத்தவுடன் அப்பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வினா ஒன்று உண்டு. அதனை எழுப்புவதே நம் நோக்கம். ஓடுகின்ற அவ்விளையாட்டின் மூலம் எவர் கையில் இருக்கிறது?

மூலம் என்பது தமிழ் பயில்வார்க்குப் புதிய சொல்லன்று. மூலமும் உரையும் என்று அச்சிட்ட நூல்களையே நாம் நாள்தோறும் கையாளுகிறோம். கணினித் துறையிலும் அதே பொருளில்தான் அச்சொல் வழங்குகிறது. மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய வடிவில் உள்ள நிரலே மூலம். அதனைக் கணினி மட்டும் படிக்கத்தக்க எண்கோவையாக மாற்றி, அம்மாற்றுருவை மட்டுமே பெரும்பாலான நிறுவனங்கள் விற்கின்றன. ஏட்டைப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, வாய்விட்டுப் படித்துக் காட்ட மட்டும் ஒருவர் இசைந்தால் எவ்வாறிருக்கும்? தொல்காப்பியம் அவ்வாறு பூட்டப்பட்டிருப்பின் இளம்பூரணர் உரை ஏது, அவர்க்குப் பின் வந்தோர் உரைகள்தாம் ஏது?

1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலத்தைப் பயிலவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் பயன்படுத்துவோர்க்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. இலவசம் என்பதற்கும் விடுதலை என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதால் அவர் பட்ட இடர் பெரிது. பணம் கொடாமல் பெறுவதே அவர் கொள்கை எனப் பலரும் மயங்கினர். தமிழுக்கு அம்மயக்கம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது. 'திறந்த மூலம்' என்னும் பெயர் 1998இல்தான் தோன்றியது.

விளையாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவும் பெரியோர் உளர். காலத்தைக் கொல்லும் பொருள் என்று அவர்கள் விளையாட்டை விலக்குவதில் ஓரளவு உண்மையும் உண்டு. இரவெல்லாம் விழித்துத் தேர்வைத் தொலைத்த மாணவரை நாமும் அறிவோம். ஆயினும் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் பிறந்த வரலாற்றில் ஒரு விளையாட்டுக்கும் இடமுண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், கோள்களுக்கிடையே கலம் செலுத்தும் 'ஸ்பேஸ் டிராவல்' என்னும் ஆட்டத்தை எழுதினார். பெரிய கணினியில் அதனை ஒருமுறை ஆடுதற்குப் பொறிநேரச் செலவே ஏறத்தாழ 75 டாலர் ஆயிற்று. எவரும் மிகுதியாகப் பயன்படுத்தாதிருந்த சிறிய கணினி ஒன்றை அவர் தேடிக் கண்டு, ஆட்டத்தை அதற்கு மாற்றி எழுதினார். அப்பொறியோடு அவ்வாறு ஏற்பட்ட பழக்கமே யூனிக்ஸ் உருவாக வழிசெய்தது. பின்னர் 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில், பொழுதுபோக்காகவே லினக்ஸைத் தொடங்கினார். மறு ஆண்டே அதனைக் குனூ பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார்.

மூலம் கைமாறியதால் வளர்ந்த ஆட்டத்திற்குப் பழைய சான்றும் உண்டு. வில் குரௌதர் என்பார் 1970களின் நடுவில் குகைப் பயணம் ஒன்றைச் சொற்களாலேயே ஆட்டமாக்கினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டான் உட்ஸ் அவரிடம் மூலத்தைக் கேட்டுப் பெற்று, 1977இல் அதனை மிக விரிவாக்கினார். இன்று நாம் அறிந்திருப்பது உட்ஸ் விரித்த வடிவத்தையே. மூல ஆசிரியரும் உரையாசிரியரும் போன்ற உறவு அவர்களுடையது.

இனி லினக்ஸில் விற்பனை விளையாட்டுகள் ஓடத் தொடங்கிய கதைக்கு வருவோம். 1998இல் லோக்கி என்னும் நிறுவனம் அமெரிக்காவில் தோன்றியது. பிறர் ஆக்கிய ஆட்டங்களின் மூலத்தை உரிமம் பெற்று வாங்கி, லினக்ஸுக்கு மாற்றி விற்பது அதன் தொழில். வாங்குவோர் போதவில்லை, 2002 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. அது மூடிய மூலத்தோடு விற்ற ஆட்டங்கள் இன்றைய லினக்ஸில் எளிதில் ஓடமாட்டா. அவற்றைத் திருத்தும் உரிமையும் வாங்கியோர்க்கு இல்லை. ஆனால், அந்நிறுவனத்தில் பணியாற்றிய சாம் லான்டிங்கா 1998இல் எழுதிய எஸ்.டி.எல். என்னும் நிரல் நூலகம் திறந்த மூலமாக இருந்தது. எண்ணற்ற விளையாட்டுகள் இன்றும் அதன்மேல் இயங்குகின்றன. ஒரே கூரையின்கீழ் இருந்தவற்றுள் பூட்டப்பட்டது மடிந்தது. திறந்து கிடந்தது வாழ்கிறது.

மற்றொரு வழி மொழிபெயர்ப்பு. விண்டோஸுக்கென எழுதிய நிரல் கணினியிடம் விடுக்கும் வேண்டுகோளை, அந்நொடியே லினக்ஸ் அறியும் வேண்டுகோளாக மாற்றித் தரும் மென்பொருள் 'வைன்'. இரு மொழியாரிடையே நின்று பேச்சை மாற்றித் தரும் துபாஷியின் வேலை அது. 1993இல் தொடங்கிய அப்பணி, முதற் பதிப்பு என்று சொல்லத்தக்க நிலையை 2008இல்தான் எட்டியது. பதினைந்து ஆண்டு உழைப்பு! அதன்மேல் கட்டியதே வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட 'புரோட்டான்'. 2022 பிப்ரவரியில் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி லினக்ஸிலேயே இயங்குகிறது. ஸ்டீம் கடையைப் பயன்படுத்துவோருள் லினக்ஸார் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைக் கடந்ததாக அந்நிறுவனத்தின் கணக்கெடுப்பே கூறுகிறது. சிறிய எண்தான். எனினும் லோக்கி காலத்தை எண்ணிப் பார்ப்பார்க்கு இது வியப்பே.

வால்வ் நிறுவனத்தைக் குறை கூறுவது நம் கருத்தன்று. புரோட்டானின் மூலத்தை அது திறந்தே வைத்துள்ளது. வைன் முதலியவற்றை வளர்ப்போர்க்கு ஊதியமும் தருகிறது. ஆனால், மொழிபெயர்ப்பாளர் கட்டற்றவராயினும், அவர் வழியே ஓடும் ஆட்டம் பூட்டியபடியே இருக்கிறது. அதன் விளைவு எத்தகையது என்பதைக் காட்ட இரு நிகழ்ச்சிகள் போதும்.

'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' என்னும் ஆட்டம் லினக்ஸில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர் லினக்ஸ் வழியே மிகுதியாக நுழைகின்றனர் எனக் கூறி, அதன் நிறுவனம் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸார் அனைவரையும் விலக்கிவிட்டது. கருவி பழுதாகவில்லை, மொழிபெயர்ப்பு தவறவில்லை. இசைவு மறுக்கப்பட்டது, அவ்வளவே. இரண்டாவது, இயங்குதளம் எதுவாயினும் அனைவரையும் தாக்கிய நிகழ்ச்சி. 2014இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் வண்டியோட்ட விளையாட்டின் வழங்கிக் கணினிகளை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச்சு 31 அன்று நிறுத்தியது. தனியே ஆடுவோரும் அவ்வழங்கியோடு இணைந்தே ஆடவேண்டிய அமைப்பு. ஆகவே விலை கொடுத்து வாங்கிய பொருள் ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. இதன் எதிரொலியாக எழுந்த இயக்கத்திற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன.

இவற்றோடு 'டூம்' ஆட்டத்தின் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1993 டிசம்பரில் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டியது அது. நான்காண்டு கழித்து, 1997 டிசம்பரில், ஜான் கார்மாக் அதன் மூலத்தை வெளியிட்டார். அவர் வெளியிட்டது லினக்ஸ் வடிவத்தின் மூலத்தை என்பது நம் பொருளுக்கு மிகவும் இயைந்த செய்தி. டாஸ் வடிவத்தில் பிறருக்கு உரிமையான ஒலி நூலகம் கலந்திருந்தமையால் அதனைத் திறக்க இயலவில்லை. 1999இல் அம்மூலம் குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன் பயனாக, முப்பது ஆண்டு கடந்தும், அன்று எவரும் கனவிலும் காணாத கருவிகளிலெல்லாம் டூம் ஓடுகிறது. ஓவியமும் ஒலியும் கட்டங்களும் உரிமையாளரிடமே இருந்ததால் விற்பனையும் நின்றுவிடவில்லை.

'மூலத்தைத் திறந்தால் ஆக்கியோர் பிழைப்பது எங்ஙனம்?' என்பார்க்கு இந்நிகழ்ச்சியிலேயே விடை உள்ளது. விற்கும் காலத்தில் விற்கட்டும். நாம் தடை சொல்லவில்லை. விற்பனையோ வழங்கியோ நின்ற நாளில் நிரலின் மூலத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. அதனைச் சட்டமாக்கினாலும் தவறில்லை என்பது நம் துணிபு. 'திறந்தால் ஏமாற்று மிகும்' என்னும் தடை இதனினும் வலியது. நொடிப்பொழுதில் சுடும் ஆட்டங்களில் அவ்வச்சம் பொய்யன்று. எனினும், முழு மூலமும் திறந்து கிடக்கும் 'லிசெஸ்' சதுரங்கத் தளம் 2010 முதல் நன்கொடையாலேயே நடைபெறுகிறது. ஏமாற்றுவோரைத் தன் வழங்கிக் கணினியிலேயே ஆராய்ந்து பிடிக்கிறது. ஆடுவார் கணினிக்குள் ஒற்றன் எவனையும் அனுப்புவதில்லை.

தமிழுக்கு இதனால் ஆவது என்ன? மூடிய ஆட்டத்தில் தமிழ் இடம்பெற வேண்டுமாயின் நிறுவனம் மனம் வைக்க வேண்டும். விற்பனைக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் அவ்வளவு எளிதில் மனம் வைப்பதில்லை. திறந்த மூலத்திற்கு எவர் இசைவும் தேவையில்லை. லினக்ஸின் கே.டி.இ., குனோம் ஆகிய திரைமுகப்புகளைத் தன்னார்வலர்களே தமிழாக்கினர். அவருள் தமிழ்த்துறையினர் மிகச் சிலரே என்பதை நாம் சற்று வருத்தத்தோடு குறிக்கிறோம். பணி கடினமானதுமன்று. மொழிபெயர்ப்புக்கென வரும் கோப்பில் மேல்வரியில் மூலத் தொடர் இருக்கும். கீழ்வரி வெற்றிடமாக இருக்கும். நிரலெழுதத் தெரியாதாரும் அதனை நிரப்பலாம்.

மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி அளிக்கும்போது சிறுகதை, செய்தி ஆகியவற்றோடு திறந்த மூல ஆட்டம் ஒன்றின் கோப்பையும் நாம் கொடுக்கலாம். 2003இல் தொடங்கிய 'வெஸ்னோத்' போர் ஆட்டம் இதற்கு ஏற்றது; கதையும் உரையாடலும் அதில் நிறைய உண்டு. படைத்தலைவன் பேச்சுக்கும் கானகத்து வீரன் பேச்சுக்கும் நடை வேறுபாடு காட்ட வேண்டிவரும். வாள், வேல், கேடயம் பற்றிச் சங்க நூல்கள் தந்த சொற்களும் அங்கே பயன்படும். சிக்கல் சிறு சொற்களில்தான் எழும். 'லெவல்' என்பது நிலையா, கட்டமா, படியா? ஆடுபவரை ஆட்டக்காரர் என்பதா, ஆடுநர் என்பதா? தோற்றவரிடம் கணினி 'நீ தோற்றாய்' என்று சொல்வதா, 'நீங்கள் தோற்றீர்கள்' என்று மரியாதை காட்டுவதா? இவற்றை முடிவுசெய்ய வகுப்பில் இரண்டு மணி நேரமேனும் ஆகும்.