நரகத்தைக் காட்டி அழைக்காதீர்கள்

தன் மதமே மெய் என்று ஒருவர் நம்பலாம். அதைத் தெருமுனையில் நின்று சொல்லலாம், கைப்பிரதியாக அச்சடித்துக் கொடுக்கலாம், கேட்டவர் மனம் மாறினால் மகிழலாம். இந்த உரிமைகளில் எதற்கும் நாம் எதிரியல்ல. ஆனால், ‘இந்தப் பக்கம் வராமல் செத்தால் முடிவில்லாமல் எரிவாய்’ என்று நடுங்கவைத்து ஒருவரை அழைத்துக்கொள்வது அறமா? அறமில்லை என்பதே நமது நிலை. சொல்பவர் அதை மனமார நம்பினாலும் அறமில்லை. அது எந்த மதத்தின் நரகமாக இருந்தாலும் அறமில்லை.

நம் கடற்கரை நன்கறிந்த ஒருவருக்கு முன்னால் இந்தக் கேள்வி ஒருமுறை கண்ணீரோடு வந்து நின்றது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் போதித்தார். திரும்பி வந்து, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தன் சபைத் தோழர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். யமகுச்சி நகரத்து மக்கள் தன்னிடம் கேட்டவற்றை அதில் மறைக்காமல் பதிந்திருக்கிறார்.

அவர்கள் கேட்டது இதுதான். உங்கள் கடவுள் இரக்கமுள்ளவர் என்றால், நீங்கள் வந்து சேரும்வரை எங்களுக்கு ஏன் தன்னைக் காட்டவில்லை? அவரை அறியாமலே செத்துப்போன எங்கள் தாய் தகப்பன், மனைவி மக்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்? நாங்கள் இப்போது ஜெபித்தால், தானம் செய்தால், அவர்களை வெளியே கொண்டுவர முடியுமா? முடியாது என்றார் சவேரியார். நரகத்தில் விழுந்தவருக்கு மீட்சி கிடையாது என்பதே அவர் கற்றிருந்த போதனை. அவர்கள் அழுதார்கள். தன் அன்புக்குரிய நண்பர்கள் பரிகாரமே இல்லாத ஒன்றுக்காக அழுவதைக் கண்டு தனக்கும் துக்கமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார்.

இந்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. பொய் சொல்லி ஆறுதல் தந்திருக்கலாம், தரவில்லை. நம்பியதைச் சொன்னார், அதன் விலையைக் கண்ணால் பார்த்தார், அதையும் எழுதிவைத்தார். அதே கடிதத்தில் அந்நாட்டுப் பௌத்தத் துறவிகள் செய்த வேலையையும் குறித்திருக்கிறார். காணிக்கை தந்தால் நரகத்திலிருந்து மீட்டுவிடுவோம் என்று அவர்கள் மக்களிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்; பெண்களுக்குப் பாவம் அதிகம், ஆகவே அவர்கள் அதிகம் தரவேண்டும் என்றும் சொல்லிவந்தார்கள். அச்சத்தை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். சவேரியாரிடம் அந்தப் பேராசை இல்லை. எனவே நம் கேள்விக்கு இவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்க மாட்டார். பணத்தாசை இல்லாத, நம்பிக்கையில் பொய் இல்லாத ஒருவர் நரகத்தைச் சொன்னபோதும், கேட்டவர்களுக்கு நேர்ந்தது என்ன? இறந்த பெற்றோரை அவர்கள் இரண்டாம் முறை இழந்தார்கள்.

கடவுள் ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்விக்கு சவேரியாரிடம் பதில் இருந்தது. கொலையும் களவும் தீமை என்பது யாரும் சொல்லித் தராமலே மனிதருக்குத் தெரியும், இறைவன் அதை உள்ளத்தில் எழுதியே அனுப்பியிருக்கிறார் என்றார். நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலே நரகத்தின் வாசலை இடித்துவிடுகிறது. மனச்சாட்சி போதும் என்றால், அதன்படி வாழ்ந்து மறைந்த யமகுச்சிப் பாட்டி நரகத்தில் இருக்க நியாயமில்லை. போதாது என்றால், கேள்விப்படவே வழியில்லாத செய்தியைக் கேளாமல் போனதற்கு அவள் மேல் குற்றமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தெளிவாகச் சொன்னது. சமயத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கக் கூடாது, குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும், என்று 1965 டிசம்பரில் அதே சங்கம் அறிவித்தது. வெளியிலிருந்து யாரும் திணித்த நெறியல்ல இது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது, உள்ளே ஒருவர் தூங்குகிறார். அவர் பயந்துபோவாரே என்று கதவைத் தட்டாமல் இருப்பீர்களா? நரகம் உண்டென்று உண்மையாகவே நம்புகிறவர் வாய்மூடி இருந்தால் அதுவல்லவா ஈவிரக்கமின்மை? இது போலி வாதம் அல்ல. எத்தனையோ ஊழியர்கள், பயான் செய்வோர், இந்த ஒரு நினைப்பால்தான் வெயிலில் அலைகிறார்கள்.

ஆனால் வீட்டில் தீப்பிடித்தால் புகை தெரியும். எழுப்பப்பட்டவர் கண்ணைத் திறந்து தானே பார்த்து முடிவெடுப்பார். எழுப்பியவர் அவரிடம் வேறெதையும் கேட்பதில்லை. என் கட்சியில் சேர், உன் பிள்ளைக்குப் பெயரை மாற்று, உன் வீட்டுப் படங்களைக் கழற்று என்று நிபந்தனை போடுவதில்லை. நரக எச்சரிக்கை இப்படிப்பட்டதல்ல. அபாயத்தைச் சரிபார்க்க வழி கிடையாது. சொல்பவரின் வார்த்தையே சான்று. தப்பும் வழியும் அவர் கையில்தான் இருக்கிறது. அதற்கும் மேலாக, ஒரு தெருவில் மூன்று பேர் மூன்று வீட்டைக் காட்டி அது எரிகிறது என்கிறார்கள்; ஒருவர் ஓடிவரச் சொல்லும் வீடே மற்றவர் எரிவதாகச் சொல்லும் வீடு. கிறிஸ்தவரின் நரகத்தில் முஸ்லிம் இருக்கிறார், முஸ்லிமின் நரகத்தில் கிறிஸ்தவர் இருக்கிறார். நடுவில் நிற்கும் எளிய மனிதர் எதை வைத்துத் தேர்வார்? யார் அதிகமாகப் பயமுறுத்தினாரோ அவர் பக்கம் சாய்வார். இதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது. கத்திமுனையில் போட்ட கையெழுத்தை நாம் ஏற்பதில்லை. கத்தி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மட்டும் இந்தக் கையெழுத்து செல்லுபடியாகிவிடாது.

பயம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வரலாறு ஒரு கசப்பான சான்று. 1741 ஜூலை 8 அன்று கனெக்டிகட்டின் என்ஃபீல்டு ஊரில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் நிகழ்த்திய பிரசங்கம் உலகப் புகழ் பெற்றது. சினம் கொண்ட கடவுளின் கையில், நரகக் குழிக்கு மேலே, பாவி தொங்கிக்கொண்டிருப்பதை அவர் விவரிக்க விவரிக்கச் சபை கதறியது. பிரசங்கத்தையே நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது என்று அங்கே இருந்த போதகர் ஒருவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சமய எழுப்புதலின் வெற்றியாக இதை இன்றும் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1735-இல், எட்வர்ட்ஸின் சொந்தச் சபையில், நார்த்தாம்ப்டன் ஊரில், அவருடைய உறவினரான ஜோசப் ஹாலி என்ற வணிகர், தன் ஆன்மாவின் கதியை எண்ணி எண்ணி மனம் நொந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதன் பிறகு வேறு பலருக்கும் அதே எண்ணம் உள்ளே உந்தியதாக எட்வர்ட்ஸே எழுதிவைத்திருக்கிறார். மருத்துவர் ஒருவர் தரும் மருந்து இப்படி வேலை செய்தால் நாம் அவரைச் சும்மா விடுவோமா?

ஏதோ வெளியிலிருந்து வந்த மதங்களின் நோய் இது என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். சாவு வீட்டில் கருட புராணம் வாசித்து, இன்ன தானம் தராவிட்டால் இறந்தவர் இன்ன நரகத்தில் இன்ன வதைபடுவார் என்று, கடன் வாங்கிக் காரியம் செய்யும் குடும்பத்தை மிரட்டுவதும் இதே குற்றம்தான். சொந்த மதத்துக்குள்ளேயே நடக்கிறது என்பதால் அது பக்தியாகிவிடாது.

இதற்கு நேர்மாறான மரபு எல்லா மதத்திலும் இருக்கிறது என்பதுதான் நமக்கு நம்பிக்கை தருவது. திருக்கோஷ்டியூரில் இராமானுசரைப் பற்றி வைணவ உலகம் சொல்லிவரும் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருமந்திரத்தின் பொருளைப் பிறருக்குச் சொன்னால் நரகம் புகுவாய் என்று எச்சரித்தே ஆசாரியர் உபதேசிக்கிறார். இராமானுசரோ கோயிலில் ஏறி நின்று எல்லாருக்கும் அதை உரக்கச் சொல்கிறார். இத்தனை பேர் உய்வு பெற நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்கிறார். நரகத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டவரை ஆயிரம் ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் நாடு இது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த சூஃபி ஞானி ராபியா ஒரு கையில் தீவட்டியும் மறு கையில் தண்ணீரும் ஏந்தி ஓடினார் என்பது இஸ்லாமிய உலகம் போற்றும் கதை. சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைத்துவிட்டால்தான் மக்கள் இறைவனை இறைவனுக்காகவே நேசிப்பார்கள் என்று அவர் சொன்னாராம். கிறிஸ்தவத்திலும், நரக பயத்தால் வரும் மனஸ்தாபம் குறைபட்டது, இறை அன்பால் வருவதே நிறைவானது என்பது திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் உறுதிப்படுத்திய போதனை. அதாவது, பயந்து வந்தவர் அரைகுறையாகவே வந்திருக்கிறார் என்பதை அழைத்தவரின் மதமே ஒப்புக்கொள்கிறது.

பயம் இல்லாவிட்டால் யார் மதம் மாறுவார்கள் என்று கேட்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். சவேரியார் வருவதற்கு முன்பே, 1530-களில், பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றது கடலில் தங்கள் தொழிலுக்கும் உயிருக்கும் போர்த்துகீசியரின் காவல் வேண்டி. 1981-இல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியது சாதியின் அவமதிப்பிலிருந்து விடுபட. அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, 21 ஆண்டுகள் படித்து, ஒப்பிட்டு, வாதாடி, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். லட்சக்கணக்கானோர் உடன் சென்றார்கள். அந்த மைதானத்தில் அவர்களை யாரும் மறுமையைக் காட்டி மிரட்டவில்லை. மானத்தோடு வாழ இங்கே இடமுண்டா என்று மக்கள் பார்க்கிறார்கள். அந்த இடத்தைத் தரத் துணிவில்லாத மதம்தான் நரகத்தைப் பற்றி அதிகம் பேசும்.

சரி, இதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா? கூடாது. இதில் நாம் தயங்கவில்லை. ஒடிசாவின் 1967 சட்டம் தொடங்கிப் பல மாநிலச் சட்டங்கள் ‘தெய்வ சினத்துக்கு ஆளாவாய்’ என்று மிரட்டுவதையும் பலவந்தம் என்றே வரையறுக்கின்றன. தமிழ்நாட்டில் 2002-இல் வந்து 2004-இல் திரும்பப் பெறப்பட்ட சட்டத்திலும் அதே வாசகம் இருந்தது. ஒடிசா, மத்தியப் பிரதேசச் சட்டங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறோம், இருந்தும் அந்தச் சட்டங்கள் தவறு என்றே கருதுகிறோம். எது போதனை, எது மிரட்டல் என்று ஞாயிறு ஆராதனையின் வாசலில் நின்று முடிவு செய்யும் வேலையைக் காவல் நிலையத்திடம் ஒப்படைப்பது, சிறுபான்மையினர் மீது எப்போது வேண்டுமானாலும் ஓங்கத்தக்க தடியை ஆட்சியாளர் கையில் தருவதாகும். உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டம் ஒருவர் தன் முந்தைய மதத்துக்குத் திரும்புவதை மதமாற்றமாகவே கருதுவதில்லை. திரும்பி வருபவரை மிரட்டினால் மட்டும் அது மிரட்டல் இல்லையா? அச்சத்திலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்றால் இந்த விலக்கு எதற்கு? தெய்வ சினத்தைக் காட்டி ஒருவரைச் செயல்பட வைப்பது 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமாக இருந்தது; 508-ஆவது பிரிவு. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது, எல்லா மதத்தாருக்கும் பொதுவாக. அதற்கு மேல் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

பொறுப்பு சமயத் தலைமைகளிடம்தான் இருக்கிறது. வளர்ந்த, நலமாயிருக்கிற ஒருவர் ‘உங்கள் வேதம் நரகத்தைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள், ஒளிக்கச் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசவும், வீட்டுக்குப் போய் யோசிக்கவும், வேண்டாம் என்று சொல்லவும் அவரால் முடியும். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரால் அது முடியாது. நேற்றுத்தான் மகனைப் புதைத்த தாயால் முடியாது. அந்த இடங்களில் ஆறுதலோடு போங்கள், கஞ்சியோடு போங்கள், கேட்டால் ஜெபம் செய்யுங்கள், துஆ செய்யுங்கள். மறுமையின் தண்டனையைப் பற்றி ஒரு சொல் சொல்லாதீர்கள். 2011-இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேர்ந்து, பிற மதத்தாரிடையே எப்படிச் சாட்சி பகர வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டன. எளியோரின் நிலையைப் பயன்படுத்திக்கொள்வதை அது கண்டிக்கிறது. நம் ஊர்ச் சபைகள் அதைத் தமிழில் அச்சிட்டு ஊழியர்களின் பயிற்சியில் பாடமாக வைக்க வேண்டும். ஜமாஅத்துகளும் மடங்களும் தங்களுக்கான நெறியைத் தாங்களே எழுதிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபர்னிஸ் என்ற கத்தோலிக்கக் குரு, சிவக்கக் காய்ந்த அடுப்புக்குள் ஒரு குழந்தை துடிப்பதை, சிறுவர்கள் படிப்பதற்கென்றே நூலாக எழுதினார். அந்தப் புத்தகம் மறைந்தாலும் அந்தப் பழக்கம் மறையவில்லை. எரியும் மனிதர்களின் படங்கள் இன்றும் பிள்ளைகளின் கண்முன் வைக்கப்படுகின்றன. எட்டு வயதுக் குழந்தைக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, இரவில் தனியாகப் படுக்கவும் முடியாது. விடுமுறை வேதாகமப் பள்ளியோ, மதரஸாவோ, கோயில் மண்டபத்து வகுப்போ, வரும் மே மாதம் பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கும்போது நரகப் பாடங்களை அதிலிருந்து அகற்ற வேண்டும். பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கும் முன் அந்தப் பாடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.