ஃபாரின் சோப்பு: மோகமா, அவநம்பிக்கையா?

சிங்கப்பூர், துபாய் போய் வருகிறவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். சோப்பு, கோடாலித் தைலம், பால் பவுடர், டேங், ஷாம்பு, சென்ட். குளிக்கிற சோப்பை எதுக்குய்யா விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்? நம்ம ஊர் அறிவுஜீவிகள் இதற்கு ரெடியாக ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள்: "ஃபாரின் மோகம்". கூடவே ஒரு தேசபக்தி லெக்சர் இலவசம் :-)

மோகமாவது மண்ணாங்கட்டியாவது! மானாவாரிக் கரிசலில் மழையை நம்பி ஏமாந்து, வட்டிக்கு வாங்கி விசா எடுத்துப் போனவனுக்குப் பெட்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அதில் நாலு கிலோவை அவன் சோப்புக்கும் பால் பவுடருக்கும் ஒதுக்குகிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

சீனாக்காரனைப் பாருங்கள். உலகத்துக்கே சாமான் செய்து தருகிறவன். ஆனால் 2008-ல் அங்கே பால் பவுடரில் மெலமைன் கலந்து 6 குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதற்கப்புறம் அவர்கள் ஹாங்காங் கடைகளைத் துடைத்து வழித்ததில், ஊரை விட்டு வெளியே போகிறவர் ஆளுக்கு 2 டப்பாதான் கொண்டுபோகலாம் என்று 2013 மார்ச்சில் ஹாங்காங் அரசு விதியே போட்டது. 2015-ல் ஜப்பான் போய் டாய்லெட் சீட் வரைக்கும் வாங்கினார்கள். அதில் சில சீனாவின் ஹாங்சோவிலேயே தயாரானவை! சிரிக்காதீர்கள். இறக்குமதிச் சாமானுக்கு உள்ளூரில் வரி அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "அந்தக் கடையில் விற்கிறதென்றால் யாராவது சோதித்திருப்பார்கள்" என்ற நம்பிக்கை.

நிற்க. நம்ம கதைக்கு வருவோம்.

ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் ஊருக்கு ஒரு சரக்கு. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்ற நெஸ்லேயின் செரிலாக்கில் ஒருவேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே கம்பெனி விற்றதில் சேர்க்கவில்லை. சத்தம் எழுந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்காத வகைகள் இங்கே வந்தன. அப்படியென்றால் முன்பே முடியும், நமக்கு இது போதும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைக்கார கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. நம்ம மிளகாய் வத்தலையே எடுங்கள். ஐரோப்பாவில் 2003-ல் இந்திய மிளகாய்ப் பொடியில் சூடான் சாயம் பிடிபட்டதும், கப்பலேறும் மிளகாய்க்கு ஸ்பைசஸ் போர்டு கட்டாயச் சோதனை கொண்டுவந்தது. அதே காட்டு வத்தல் பொடியாகி அருப்புக்கோட்டைக் கடைக்கு வந்தால்? அதிகாரி எப்போதாவது சாம்பிள் எடுத்தால் உண்டு. வெள்ளைக்காரன் வயிறு வயிறு, நம்ம வயிறு என்ன சாக்குப்பையா?

சோப்புக்கும் வருவோம். உறையைத் திருப்பி டிஎஃப்எம் எவ்வளவு என்று பாருங்கள். கொழுப்புப் பொருளின் அளவு அது. நம்ம தரவிதிப்படி முதல் தர டாய்லெட் சோப்பில் 76 சதம் வேண்டும், மூன்றாம் தரத்துக்கு 60. 'பாத்திங் பார்' என்று போட்டுவிட்டால் 40 இருந்தாலே போதும். எல்லாம் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி நடிகை படத்தோடு. வித்தியாசத்தை நமக்கு யார் சொன்னார்கள்?

"துபாயில் வாங்குகிற யார்ட்லி பவுடரே பெங்களூர் விப்ரோவுடையதுதானே?" என்று மடக்குவார்கள். ஆமாம், 2009 முதல் அப்படித்தான். அதனால் என் வாதம் பலமாகிறதே தவிரக் குறையவில்லை. சரக்கு யாருடையது என்பதல்ல கேள்வி, எந்த ஊர் சட்டத்துக்குப் பயந்து விற்கிறார்கள் என்பதுதான்.

பந்தாவுக்கு சென்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பந்தாவுக்காக யாரும் தங்கச்சி பிள்ளைக்குப் பால் பவுடர் சுமந்து வருவதில்லை.

ஆகவே மகாஜனங்களே, பெட்டி கட்டுகிறவனுக்கு உபதேசம் செய்வதை நிறுத்துங்கள். கப்பலேறுகிற வத்தலுக்கு நடக்கிற சோதனை உள்ளூர்க் கடை வத்தலுக்கும் நடக்கட்டும். ஜெர்மன் குழந்தைக்குக் கொடுப்பதையே திருச்சுழிக் குழந்தைக்கும் கொடுக்கட்டும். பெட்டி தானாக இளைக்கும்.