நான்காவது கூறு

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார் திருவள்ளுவர். நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றையும் எவரும் எளிதில் சொல்லிவிடுவர். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளியின் அருகிலிருந்து பேணுகின்ற உழைச்செல்வானையும் அவற்றோடு சேர்த்து எண்ணுகிறது. மூளைக்கட்டி நோயாளிகளுக்கென்று செயலி ஒன்றை உருவாக்க முனைவோர், அந்த நான்காமவரிடமிருந்தே தம் பணியைத் தொடங்க வேண்டும்.

சென்னைக்கு இத்துறையில் நெடிய மரபு உண்டு. 1950இல் மருத்துவர் பி. இராமமூர்த்தி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். 2000இல் ஆந்திர மாநிலத்தின் அரகொண்டா என்னும் சிற்றூரில் தொலைமருத்துவ மையம் அமைந்தபோது அம்முயற்சியில் முன்னின்ற கிருஷ்ணன் கணபதியும் சென்னையைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவரே. 2019இல் தரமணியில் புரோட்டான் கதிர் மருத்துவமும் வந்தது. ஆயினும், நோயாளி வாழ்வது வீட்டில்தான். கதிர் மருத்துவம் பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்கள் வரை நீளும். சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ வாழும் குடும்பம், தாம்பரத்தில் புறநகர் மின்தொடர்வண்டி ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி அரசுப் பொது மருத்துவமனைக்குச் செல்லும். அங்கே மருத்துவர் நோயாளியைக் காண்பது சில நிமிடங்களே. எஞ்சிய பொழுதெல்லாம் அவரைக் கண்காணிப்பவர் மனைவியோ மகளோ மகனோ ஆவார்.

இந்நோய், திறன்பேசியைக் கையாளும் ஆற்றலையே தாக்கக்கூடியது. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலருக்குப் பார்வைப் புலத்தில் ஒரு பாதி மறைந்துவிடும். திரையின் அந்தப் பக்கத்தில் உள்ள பொத்தான் அவரைப் பொறுத்தவரை இல்லாததே. சொல்ல நினைப்பது நெஞ்சில் இருக்க, சொல் மட்டும் வாயில் வாராமல் தவிப்போர் உண்டு. ஆறு இலக்கக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வர, அதை நினைவில் கொண்டு அடுத்த திரைக்குச் செல்வதற்குள் மறந்துவிடுவோரும் உண்டு. இத்தகையோரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டுவதால் என்ன பயன்? பெரிய எழுத்து, ஒரு திரைக்கு ஒரு வினா, தமிழில் குரல்வழி விடை ஆகியவை இங்கு அலங்காரங்கள் அல்ல, அடிப்படைத் தேவைகள்.

நள்ளிரவு இரண்டு மணிக்கு வலிப்பு வருகிறது என்று கொள்வோம். வீட்டார் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவர். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்னும் நம்பிக்கை இன்றும் நம்மிடையே மறையவில்லை. அந்நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது கட்டுரை அன்று. ஒரு பொத்தானும் தெளிவான குரலுமே. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் திணிக்க வேண்டா, நேரத்தைக் குறித்துக்கொள்ளவும், ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108ஐ அழைக்கவும் என்று அக்குரல் வரிசையாகச் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தையும், மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது என்பதையும் அது முன்னரே சொல்லியிருத்தல் நலம்.

இவற்றினும் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடமிருந்தே மறைக்கும் வழக்கம் இருக்கிறது. மறைப்போர் அன்பினால்தான் மறைக்கின்றனர். ஆனால், செயலி அனுப்பும் ஓர் அறிவிப்பு அம்மறைவை ஒரு நொடியில் கலைத்துவிடும். மறுபுறம், நோயாளியின் நினைவும் முடிவெடுக்கும் ஆற்றலும் தளர்ந்தபின் அவருடைய தகவல்களை யார் பார்ப்பது, யார் பகிர்வது என்ற வினா எழும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆதலின், சொல்லும் தெளிவும் எஞ்சியிருக்கும் தொடக்க நாள்களிலேயே, ‘எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்? உங்களுக்காக யார் பேசலாம்?’ என நோயாளியிடமே கேட்டுவிட வேண்டும். குடும்பத்தாருக்கு அது வருத்தம் தரலாம். எனினும், அவ்வுரிமை நோயாளிக்கு உரியது.

பேணுபவரிடமும் கேட்க வேண்டியவை உள. நெற்றிப்புறக் கட்டி, சாந்தமானவரையும் சினமுடையவராக்கிவிடலாம். அச்சினம் நோயின் விளைவு என அறியாத மனைவி, அதைத் தன்மீதான வெறுப்பாகக் கருதி உள்ளுக்குள் நைந்துபோவார். ‘நேற்றிரவு உறங்கினீர்களா?’ என்று அவரை வினவும் செயலி, ‘இல்லை’ என்ற விடை தொடர்ந்து வந்தால் ஒரு மனிதரை அவரிடம் அனுப்ப வேண்டும். அதற்கு வழியும் தமிழ்நாட்டில் உண்டு. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் இல்லத்திற்கே கொண்டுவருகிறது. திறன்பேசியை அத்திட்டப் பணியாளரோடு இணைப்பதே அறிவுடைமை. அவருக்கு மாற்றாக அதை நிறுத்துவது சிக்கனமாகத் தோன்றினும் பிழையாகும்.

வீரியமிக்க மூளைக்கட்டிகளுள் பல இன்னும் முழுமையாகக் குணமாவதில்லை. நோயாளி மறைந்த மறுநாள் காலை எட்டு மணிக்கும் மருந்து நினைவூட்டல் ஒலித்தால் அவ்வீட்டார் என்ன ஆவர்? அவ்வொலியை நிறுத்தும் வழி முதல் வரைவிலேயே இடம்பெற வேண்டும். ஒலி நின்ற பின்னும் சில மாதங்கள் வரை, பேணியவரை நலம் விசாரித்து ஓர் அழைப்பேனும் வர வேண்டும்.